எரிவது எது?

உரைநடைப் பாடம்

நுழையுமுன்

சித்திரைத் திங்களின் முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்று வருகிறது. அன்று நம் இல்லங்களில் மாவிலைத் தோரணம் கட்டுகிறோம்; மாங்காய்ப் பச்சடி உண்டு புத்தாண்டை வரவேற்கிறோம். அதே நாளில்தான் இந்தியா முழுவதிலும் உள்ள தீயணைப்பு நிலையங்கள், பணியில் உயிர்நீத்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்துகின்றன. அதற்குக் காரணமான நிகழ்ச்சியையும், அது உணர்த்தும் அறிவியல் உண்மைகளையும் இப்பாடத்தில் அறிவோம்.

1944: பம்பாய்த் துறைமுகம்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பம்பாயின் விக்டோரியா கப்பல்துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்னும் சரக்குக் கப்பல் நின்றிருந்தது. ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்களும், பஞ்சுப் பொதிகளும், எண்ணெய்ப் பீப்பாய்களும், மரங்களும் அதில் ஏற்றப்பட்டிருந்தன. எளிதில் தீப்பற்றும் பஞ்சும் வெடிபொருள்களும் ஒரே சரக்கறையில் இருந்தன.

ஏப்ரல் 14ஆம் நாள் பிற்பகல் 2 மணியளவில் அச்சரக்கறையிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்து 900 டன்னுக்கும் மேலான நீரைக் கப்பலுக்குள் பாய்ச்சினர். ஆயினும், அடர்ந்த புகையால் தீயின் மூலத்தைக் கண்டறிய இயலவில்லை. அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் இயல்புடையது. மேலே ஊற்றும் நீர் அதன் உள்ளே எளிதில் செல்லாது. வெப்பம் மிகுந்தது. கப்பலில் நின்ற நீரே கொதித்தது. மாலை 4 மணி 6 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. சிம்லாவிலிருந்த நிலநடுக்கமானியும் அவ்வதிர்ச்சியைப் பதிவு செய்தது. அரைமணி நேரத்திற்குள் மற்றொரு பெருவெடிப்பும் நிகழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

அவர்களிடம் வீரத்திற்குக் குறைவில்லை. ஆனால், வீரம் மட்டும் தீயை அணைத்துவிடாது. எரிவது எது, அதன் இயல்பு யாது, அதன் அருகில் இருப்பது எது ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்த பின்னரே எந்தக் கருவியை எடுப்பது என முடிவு செய்ய இயலும்.

பொருளின் இயல்பை அறிதல்

இடர்தரும் பொருள்களைக் கையாளும் மீட்புப் பணியாளர்கள் குறிப்பாக நான்கு இயல்புகளைக் கருத்திற் கொள்கின்றனர்.

முதலாவது, தீப்பற்றும் தன்மை. எரிவது நீர்மம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. பெட்ரோல், சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியசு குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிடும். டீசல் அவ்வாறன்று, அது நன்கு சூடேறிய பின்னரே எளிதில் பற்றும். எனவே, சாலையில் சிந்திக் கிடக்கும் பெட்ரோலின் அருகே ஒரு சிறு பொறியும் பேரிடராகும்.

இரண்டாவது, ஆவியின் எடை. சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் எடை மிக்கது. அது கசிந்தால் தரையோடு படர்ந்து, பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் தேங்கும். நகரங்களில் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. அது மேலெழுந்து கூரையின் கீழே சேரும். இரண்டும் அடுப்பில் ஒன்றுபோல எரிந்தாலும், கசியும்போது ஒன்று கீழே செல்கிறது. மற்றொன்று மேலே செல்கிறது.

மூன்றாவது, நீரோடு கொள்ளும் உறவு. தீ என்றவுடன் நம் நினைவுக்கு வருவது நீர். ஆனால், பெட்ரோல் நீரைவிட இலேசானது. எரியும் பெட்ரோலின் மீது நீரைப் பாய்ச்சினால், அது நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். அதற்கு நுரையே ஏற்றது. கால்சியம் கார்பைடு நீர் பட்டால் அசிட்டிலீன் என்னும் எரியும் வாயுவை வெளியிடும். அம்மோனியா வாயுவோ நீரில் எளிதில் கரையும்; ஆகவே, அது பரவும் திசையில் நீர்த்தூவலைத் திரைபோல் அமைத்து அதனைக் கட்டுப்படுத்துவர். ஒரே நீர் ஓரிடத்தில் மருந்தாகவும் ஓரிடத்தில் நஞ்சாகவும் அமைவதைக் காண்க.

நான்காவது, நச்சுத்தன்மை. சில பொருள்கள் எரியாமலேயே உயிரைப் பறிக்கும்.

போபால் தந்த பாடம்

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையில், மெத்தில் ஐசோசயனேட் நிரம்பிய கொள்கலனுக்குள் நீர் புகுந்தது. கடுமையான வேதிவினை நிகழ்ந்து வெப்பமும் அழுத்தமும் பெருகின. ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு வெளியேறியது. காற்றைவிட எடை மிக்க அவ்வாயு, உறங்கிக்கொண்டிருந்த மக்களின் குடிசைகளுக்குள் தரையோடு புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மூச்சிரைக்க ஓடியவர்கள் மேலும் மிகுதியான நஞ்சை உள்ளிழுத்தனர். மருத்துவமனையில் குவிந்தோரைத் தாக்கியது எந்த வாயு என்பது மருத்துவர்களுக்கு உடனே தெரியவில்லை. பெயர் தெரியாத நஞ்சுக்கு மருந்து காண்பது எங்ஙனம்?

அதன்பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1989இல் இடர்தரும் வேதிப்பொருள்களுக்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன.

வண்டியில் எழுதிய எச்சரிக்கை

இடர்தரும் பொருளை ஏற்றிச் செல்லும் வண்டி, அப்பொருளின் விவரப்பலகையைத் தாங்கிச் செல்ல வேண்டும் என்பது சட்டம். நெடுஞ்சாலையில் செல்லும் டேங்கர் லாரிகளில் நீங்கள் இதனைப் பார்த்திருக்கலாம். அதிலுள்ள நான்கு இலக்க எண், ஐக்கிய நாடுகள் முறைப்படி அப்பொருளுக்கு வழங்கப்பட்டது. 1203 என்பது பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு, 1017 குளோரின். மொழி எதுவாயினும் எண் மாறாது. கன்னியாகுமரியில் புறப்படும் வண்டி கவுகாத்தியில் கவிழ்ந்தாலும், அங்குள்ள வீரர் அந்த எண்ணைக் கண்டு பொருளை அறிவார்.

அப்பலகையிலுள்ள அவசரக் குறியீட்டின் முதல் எண், அணைக்கும் முறையைக் கூறுகிறது. 2 என்றால் நுண்ணிய நீர்த்தூவல். 3 என்றால் நுரை. 4 என்றால் நீர் படாத உலர்பொருள். குறியீட்டின் இறுதியில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து இருப்பின், சுற்றியுள்ள மக்களை அப்புறப்படுத்துவது குறித்துச் சிந்திக்க வேண்டும் என்பது பொருள்.

நாம் செய்ய வேண்டுவன

கவிழ்ந்த டேங்கர் லாரியைக் கண்டால் அருகே செல்லாதீர். சிந்தும் எரிபொருளைக் குடத்தில் பிடிக்க எவரேனும் சென்றால் தடுப்பீர். காற்று வண்டியை நோக்கி வீசும் பக்கத்தில், மேடான இடத்திற்கு விலகி நிற்பீர். 112 அல்லது 101 என்னும் எண்ணை அழைத்து இடத்தைக் கூறுவீர். தொலைவிலிருந்தே தெரியுமாயின் நான்கு இலக்க எண்ணையும் கூறுவீர்.

வீட்டில் எரிவாயு நாற்றம் வந்தால் மின்விசையைப் போடவோ அணைக்கவோ கூடாது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கதவுகளையும் சன்னல்களையும் திறக்க வேண்டும். அனைவரும் வெளியேறிய பின், வெளியே நின்று 1906 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

இடர் – துன்பம், ஆபத்து
கனலுதல் – சுடர் இன்றி உள்ளுக்குள் எரிதல்
நீர்மம் – திரவம்
பொதி – மூட்டை
எங்ஙனம் – எவ்வாறு

மொழிப்பயிற்சி

முன்னிலையில் உள்ளவரை ஒரு செயலைச் செய்யுமாறு கட்டளையிடுவது ஏவல் வினை. ‘செல்’ என்பது ஒருமை. ‘செல்வீர்’ என்பது பன்மை. இவற்றின் எதிர்மறை ‘செல்லாதே’, ‘செல்லாதீர்’ என அமையும்.
தொடு, திற, நில், ஓடு ஆகியவற்றின் எதிர்மறை ஏவலை ஒருமையிலும் பன்மையிலும் எழுதுக.

வினாக்கள்

1. ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் தீயை அணைப்பது கடினமாக இருந்ததன் காரணங்கள் யாவை?
2. எரியும் பெட்ரோலின் மீது நீரைப் பாய்ச்சலாகாது. ஏன்?
3. சிலிண்டர் எரிவாயு, குழாய்வழி எரிவாயு ஆகியவை கசியும் முறையை வேறுபடுத்திக் காட்டுக.
4. ‘பெயர் தெரியாத நஞ்சுக்கு மருந்து காண்பது எங்ஙனம்?’ இவ்வினா எழுந்த சூழலை விளக்குக.

செயல்பாடு

நீங்கள் வாழும் ஊரின் மொழியை அறியாத தாத்தாவோ பாட்டியோ உங்கள் இல்லத்திற்கு வந்துள்ளார் எனக் கொள்க. எரிவாயு கசிந்தால் செய்ய வேண்டுவனவற்றை ஐந்து எளிய தொடர்களில் தமிழில் பெரிய எழுத்துகளில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டுக. பின்னர் அதனை அவருக்குப் படித்துக் காட்டுவதுபோல் வகுப்பில் படித்துக் காட்டுக.