ஃபுகுடா கோட்பாட்டைப் படிக்கும் முறை

அன்புள்ள மகளுக்கு,

மலேசிய வெளியுறவு அமைச்சில் உத்தியோகம் ஏற்று ஜப்பானிய விவகாரங்களைக் கவனிக்கப் போகிறாய் என்ற செய்தியால் பாலிக் புலாவில் உன்னை அறிந்தவர்கள் அனைவரும் பெருமிதம் அடைந்திருக்கிறோம். அங்கே உன் கைக்கு முதலில் வரும் காகிதங்களுள் ஃபுகுடா கோட்பாடு நிச்சயம் இருக்குமாதலால், அதைப் படிக்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் துணிகிறேன்.

1977 ஆகஸ்டில் கோலாலம்பூரில் ஆசியான் தலைவர்களைச் சந்தித்து, பல தலைநகரங்களைக் கடந்து மணிலாவை அடைந்த பிரதமர் டக்கெயோ ஃபுகுடா, ஜப்பான் இராணுவ வல்லரசாகாது என்றும், தென்கிழக்காசிய மக்களோடு இதயபூர்வமான பரஸ்பர நம்பிக்கையை வளர்க்கும் என்றும், ஆசியானுக்குச் சமமான தோழனாக நின்று இந்தோசீன நாடுகளோடும் நல்லுறவு நாடும் என்றும் பிரகடனம் செய்தார். இதை ஒரு தலைவரின் பெருந்தன்மை என்று மட்டும் வர்ணிப்பதை நான் ஒப்பேன். 1974 ஜனவரியில் அப்போதைய ஜப்பானியப் பிரதமர் தனாகா வந்தபோது பாங்காக்கில் மாணவர் திரண்டு எதிர்த்தனர். ஜகார்த்தாவில் ஜப்பானிய கார்கள் தெருவில் எரிந்தன. அவர் மாளிகையிலிருந்து ஹெலிகாப்டரில் வெளியேற நேர்ந்தது. சந்தையைப் பிடித்தவனைப் படையெடுத்தவனாகவே கண்ட அந்தக் கோபந்தான் மணிலா உரையின் முதல் நகலை எழுதியது. ஆகவே அக்கோட்பாடு நமக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி. அதைக் கேட்டுப் பெறும் உரிமை உனக்குண்டு என்ற உணர்வோடு பேச்சுவார்த்தைக்கு அமர்வாயாக.

மலைப்பாதைக்கு அப்பால், பாயான் லெப்பாஸில், 1972இல் வந்த முதல் எட்டு நிறுவனங்களுள் ஜப்பானின் ஹிட்டாச்சியும் கிளாரியனும் இருந்தன. விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நின்ற பெண்களால் பல குடும்பங்கள் தலையெடுத்தன. இந்த நன்றியை மறைக்க வேண்டாம். ஆனால் இதே ஜப்பான், 1942, 43 ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயிலுக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை ஏற்றிச் சென்றது. காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர் திரளானோர். 1967 உடன்படிக்கையின்படி மலேசியாவுக்கு வந்த 294 கோடி யென், பொருளாகவும் சேவையாகவும் அரசுக்கே வந்தது. அக்குடும்பங்களின் கைக்கு அன்று. இதயபூர்வமான உறவு என்ற சொற்றொடரை உன் எதிரில் அமர்பவர் உச்சரிக்கும்போது, அவர்களையும் அந்த மேஜைக்கு அழைத்து வருவது உன் கடமை.

முதல் உறுதியையும் அவ்வாறே சோதித்துப் பார். 2023 டிசம்பரில், மீட்புப் படகுகள் முதலியவற்றை நம் ஆயுதப் படைகளுக்கு வழங்க 40 கோடி யென் அளிக்க ஜப்பான் உடன்பட்டது. இதனால் வாக்கு முறிந்தது என்று நான் சொல்லவில்லை. படகுக்கு அடுத்து என்ன வரும் என்று கேட்பவர் நம் பக்கம் இருக்க வேண்டும் என்கிறேன்.

அவசரப்பட்டு எந்தக் கோட்பாட்டையும் காலாவதியானதென்று ஒதுக்கிவிடாதே. 1978 இறுதியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்ததும் ஜப்பான் வியட்நாமுக்கான உதவியை நிறுத்தியது. மூன்றாம் உறுதி மடிந்ததென்றே பலர் எண்ணினர். 1992இல் உதவி மீண்டது. 1995இல் வியட்நாம் ஆசியானிலேயே சேர்ந்தது. அந்த இடைக்காலத்தில் ஆசியான், இந்தோசீனா ஆகிய இரு தரப்பையும் பேசவைத்தவர்கள் என்ன எழுதினார்கள் என்பதைக் கோப்புகளில் தேடிப் படி. மற்ற காகிதங்கள் காத்திருக்கட்டும்.