சுரங்கத்தைத் தாங்கும் தூண்கள்

மண்டபம் எழுப்புவோர் முதலில் தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் கூரை அமைப்பர். சுரங்கம் அகழ்வோர் செய்வதோ இதற்கு நேர்மாறானது. அங்கே கூரை முன்னரே உள்ளது. மேலே கிடக்கும் நிலத்தின் முழுச்சுமையும் அக்கூரையாகும். தாதுப் பாறையை அறையறையாக வெட்டியெடுக்கும்போது இடையிடையே வெட்டாது விடப்படும் பாறையே தூணாகிறது.

எவ்வளவு பாறையை விடுவது? தூண் பருத்தால் விலையுயர்ந்த தாது உள்ளேயே தங்கிவிடும்; சிறுத்தால் தொழிலாளர் உயிருக்கு ஆபத்து நேரும். ஆதலின் இதனைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும்.

10 மீட்டர் பக்கமுள்ள சதுரத் தூண்கள், 10 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்பதாகக் கொள்க. ஒவ்வொரு தூணும் 400 சதுர மீட்டர் கூரையைத் தாங்க வேண்டும். தூணின் பரப்போ 100 சதுர மீட்டரே. எனவே, அகழ்வதற்கு முன் இருந்ததைப்போல் நான்கு மடங்கு அழுத்தம் அதன்மேல் விழும். பக்கத்தை 8 மீட்டராகக் குறைத்தால், அழுத்தம் ஆறு மடங்குக்கும் மேலாகும். தூணின் உயரம் கூடினாலும் அதன் வலிமை குறையும்.

ஒரு தூண் நொறுங்கினால் அதன் சுமை அண்டைத் தூண்களின்மேல் சாயும், அவையும் நொறுங்கக்கூடும். தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கத்தில், முன்பு விட்டுவைத்த கூரைக் கரியையும் பின்னர் வெட்டியதால் தூண்களின் உயரம் கூடியிருந்தது. 1960 ஜனவரி 21ஆம் நாள் அத்தூண்கள் ஒன்றையடுத்து ஒன்றாகச் சரிந்தன. நானூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர்.

அத்துயரம் ஆராய்ச்சியைத் தூண்டிற்று. சாலமன், மன்ரோ என்னும் அறிஞர் இருவர், தூண்கள் நிலைத்து நின்ற 98 இடங்களையும் சரிந்த 27 இடங்களையும் ஒப்பிட்டனர். அகலமும் உயரமும் கொண்டு தூணின் வலிமையைக் கணக்கிடும் விதியை 1967இல் வெளியிட்டனர். கரிக்குக் கண்ட அவ்விதி வன்பாறைக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே ஹெட்லி, கிராண்ட் என்போர், கனடாவின் எலியட் லேக் யுரேனியச் சுரங்கங்களில் 28 தூண்களை ஆராய்ந்து, 1972இல் வன்பாறைக்குரிய விதியை வகுத்தனர்.

எனினும் வலிமை சுமைக்குச் சமமாக இருத்தல் மட்டும் போதாது. பாறையினுள் கண்ணுக்குப் புலனாகாத பிளவுகள் இருக்கலாம். ஆதலால் சுமையினும் வலிமை மிகுந்திருக்குமாறு பொறியாளர் தூண்களை அமைப்பர். கரிச் சுரங்கங்களில் வலிமை, சுமையைப்போல் 1.6 மடங்கு இருத்தல் நன்றென்று சாலமனும் மன்ரோவும் கூறினர்.

தூணில் விடப்பட்ட தாதுவை இழப்பென எண்ணுதல் தவறு. நாள்தோறும் நிலத்தடியில் இறங்கி உழைத்து மீளும் தொழிலாளரின் உயிரைத் தாங்கி நிற்பது அதுவே.