கொசு கடித்து வீங்கினால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளை கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறது. மறுநாள் காலை முழங்காலுக்குக் கீழே தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருக்கிறது. ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது கொசுக்கடி ஒவ்வாமைதான்.

நம்பிக்கை: ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை.

உண்மை: பெண் கொசு ரத்தத்தை உறிஞ்சும்போது, அது உறையாமலிருக்கத் தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகிறது. அதிலுள்ள புரதங்களை நம் உடல் எதிர்ப்பதால்தான் தடிப்பும் அரிப்பும். அதே வீட்டில் தூங்கிய பாட்டியையும் கொசு கடித்திருக்கும். பல ஆண்டுகள் கடிபட்ட உடம்புக்கு அது பழகிப்போயிருக்கும். பிள்ளையின் உடம்புக்கு அது புதிது.

நம்பிக்கை: ரத்தம் சுத்தமில்லாத பிள்ளைக்குத்தான் இப்படிக் கிளம்பும்.

உண்மை: சிறு பிள்ளைகள் சிலருக்குப் புதிதாக ஒரு கொசு கடித்தால், ஆறிய பழைய கடிகளும் மறுபடி தடித்து அரிக்கும். ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. வளர வளரக் குறைந்துவிடும். ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் டானிக் தேவையில்லை.

நம்பிக்கை: பெரிதாக வீங்கினால் கிருமி புகுந்துவிட்டது, ஆன்டிபயாடிக் வேண்டும்.

உண்மை: கடிகாரத்தைப் பாருங்கள். மாலையில் இமையில் கடித்து, விடிவதற்குள் கண் திறக்க முடியாதபடி வீங்கினால், அது பெரும்பாலும் ஒவ்வாமை. இத்தகைய பெருவீக்கத்தைக் கனடா மருத்துவர்கள் 1999இல் ‘ஸ்கீட்டர் சிண்ட்ரோம்’ என்ற பெயரில் விவரித்தார்கள். இதில் காய்ச்சலும் வரலாம். கிருமித்தொற்று அவ்வளவு வேகமாக வராது. சொறிந்த புண்ணில் இரண்டு மூன்று நாள் கழித்து வலி கூடுவது, சீழ் கட்டுவது, சிவப்பு பரவுவது அதன் அடையாளங்கள். அப்போதும், காய்ச்சல் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மீந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: சுண்ணாம்பு தடவினால் அடங்கும், நகத்தால் பெருக்கல் குறி போட்டால் அரிப்பு போகும்.

உண்மை: சொறிந்த தோலைச் சுண்ணாம்பு புண்ணாக்கும். நகம் அழுக்கை உள்ளே கொண்டுபோகும். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு கலமைன் லோஷன் தடவலாம். அரிப்பு தூங்கவிடாவிட்டால், வயதுக்கேற்ற அளவில் செட்டிரிசின் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சீட்டில்லாமல் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலவைக் களிம்புகள் தோலை மெலிதாக்கிவிடும்.

நம்பிக்கை: கொசுவத்திச் சுருள் ஏற்றினால் போதும்.

உண்மை: மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்தால், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்த அளவுக்கு நுண்துகள்கள் வெளியாகும் என்கிறது 2003இல் வெளியான ஆய்வு. இளைப்பு உள்ள பிள்ளைக்கு இது கேடு. கொசுவலையே மேல், டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பதால் பகல் தூக்கத்துக்கும் கட்டுங்கள். டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பை இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தடவக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கும் கண், வாய், உள்ளங்கை தவிர்த்துத் தடவுங்கள்.

நம்பிக்கை: கொசுக்கடி ஒவ்வாமை உயிரைத் தொடாது.

உண்மை: மிக அரிதாகத் தொடும். கடித்த சிறிது நேரத்தில் உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெங்கும் தடித்துத் தலை சுற்றினால், மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. உடனே 108ஐ அழையுங்கள்.