குருதியை உறைய வைத்த உறைவெதிர் மருந்து

கோடையில் எடப்பாடித் தறிப்பட்டறைக்குள் நின்றவர்கள், ஓடும் பாலியெஸ்டர் பாவில் பஞ்சுத் தூசு ஒட்டிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். உராய்வினால் நூலில் ஏறிய மின்னூட்டம் தூசைக் கவர்கிறது. மின்கவர்ச்சி நம் குருதிக்குள்ளும் உண்டு. சில வேளை அது உயிருக்கே உலை வைக்கிறது.

இதய அறுவையின்போதும், சிறுநீரகம் பழுதானோரின் குருதியைத் தூய்மை செய்யும்போதும், குருதி உறையாதிருக்க ஹெப்பாரினைச் செலுத்துவார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1916-இல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் செய்த ஆய்வே இதற்குத் தொடக்கம். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது.

ஹெப்பாரின் மூலக்கூறு மிகுந்த எதிர்மின்னூட்டம் உடையது. குருதித் தட்டுகள் வெளிவிடும் ‘தட்டுக் காரணி 4’ என்ற புரதமோ நேர்மின்னூட்டம் உடையது. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. சிலரது உடல் இந்தச் சேர்க்கையை அந்நியப் பொருளென்று கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. எதிர்ப்பொருள் தட்டுகளைத் தூண்ட, அவை திரண்டு குருதிக் குழாய்களை அடைக்கின்றன. தடுக்க வந்த மருந்தே உறைவுக்குக் காரணமாகிறது!

பெரும்பாலும் மருந்து தொடங்கிய 5 முதல் 10 நாட்களில் இது தெரியவரும். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டுகள் இருப்பது இயல்பு. இந்நோயில் முன்பிருந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறையும். டெங்குவைப் பார்த்துப் பழகிய நாம், தட்டு குறைந்தால் குருதி கசியும் என்றுதான் நினைப்போம். இங்கோ தட்டுகள் உறைகட்டிகளில் செலவாகிவிடுகின்றன. ஆகவே, கடும் கசிவு இருந்தாலொழியத் தட்டுகளை ஏற்றுவதில்லை.

முதல் வேலை ஹெப்பாரினை அடியோடு நிறுத்துவது. ஊசிக்குழாயைக் கழுவப் பயன்படும் சிறு அளவுகூடக் கூடாது. நிறுத்தினால் மட்டும் போதுமா? போதாது. எதிர்ப்பொருள் இன்னும் குருதியில் இருக்கிறதே! எனவே உறைவை உண்டாக்கும் த்ராம்பின் நொதியை நேரே தடுக்கும் அர்கட்ரோபான் அல்லது பைவலிருடின் தருவார்கள். பைவலிருடின், குருதி குடிக்கும் அட்டையின் உமிழ்நீரிலுள்ள ஹிருடினைப் பார்த்து அமைத்தது. வார்ஃபரின் மாத்திரையை உடனே தொடங்குவது ஆபத்து. அது உறைவைத் தடுக்கும் இயற்கைப் புரதத்தை முதலில் குறைத்து, கைகால் திசு அழுகவும் இடமளிக்கும். தட்டுகள் மீண்ட பிறகே அதன் முறை.

2021-இல் ஆஸ்ட்ராசெனகா கொரோனாத் தடுப்பூசிக்குப் பின் மிக அரிதாகச் சிலருக்கு, ஹெப்பாரின் இல்லாமலே, அதே புரதத்துக்கு எதிர்ப்பொருள் தோன்றி உறைவு நேர்ந்தது. இங்கு நாம் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் அவ்வகையே. அவ்வாண்டு மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம், ஆராய்ந்த 498 கடும் நிகழ்வுகளில் 26 உறைவு சார்ந்தவையாக இருக்கலாம் என்றது. அதாவது 10 லட்சம் தவணைக்கு 0.61. பழைய ஹெப்பாரின் நோயை அறிந்திருந்த மருத்துவர்களே இதை விரைவில் இனங்கண்டவர்கள்.