மரத்தின் மறைவில் நின்ற ஆசான்

ஒரு குழுவை நடத்தும் பொறுப்பு வந்ததும் பலருக்கு முதலில் உயர்வது குரல்தான். அலுவலகத்திலும் ஆலயத் திருப்பணியிலும் அன்னதானக் கூடத்திலும் இதைக் காண்கிறோம். ‘இதை இப்படிச் செய், அதை அங்கே வை’ என்று கட்டளைகள் பிறந்தவண்ணம் உள்ளன. வேலையும் நடக்கிறது. ஆனால் தலைவர் ஒருநாள் வராவிட்டால் அனைவரும் கைகட்டி நிற்கின்றனர். ஏவினால் மட்டுமே நகரும் குழுவை அவரே அல்லவா உருவாக்கிவிட்டார்!

மும்பை தாதரிலுள்ள சிவாஜி பூங்கா மைதானத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே சிந்திக்கத் தக்கது. அங்கே சிறுவர்களுக்குக் கிரிக்கெட் கற்பித்துவந்தவர் ரமாகாந்த் அச்ரேகர். அவர் ஆடிய முதல்தர ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். பயிற்சியாளராகவோ 1990-இல் துரோணாச்சாரியார் விருதும், 2010-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 1984-இல் அஜித் டெண்டுல்கர், 11 வயதான தம் தம்பி சச்சினை அவரிடம் அழைத்துச் சென்றார். ஆசான் உற்றுநோக்குவதை உணர்ந்த சிறுவன் பதறினான், ஆட்டம் சோபிக்கவில்லை. இவன் மிகச் சிறியவன், பிறகு பார்க்கலாம் என்று ஆசான் கருதினார். அஜித் விடவில்லை. புறப்பட்டுவிட்டதுபோல் விலகிச் சென்று, தொலைவிலிருந்து பார்க்குமாறு வேண்டிக்கொண்டார்.

அந்த வேண்டுகோளின் உட்பொருளைக் கவனியுங்கள். ‘சிறுவனின் திறமைக்குத் தடையாக நிற்பது தங்கள் முன்னிலையே’ என்பதல்லவா அது? அனுபவம் மிக்க ஆசானிடம் இதைச் சொல்வது கடினம். அவர் அதற்குச் செவிசாய்ப்பது அதனினும் அரிது. அச்ரேகர் செவிசாய்த்தார். மரத்தின் மறைவில் நின்று பார்த்தார். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிய சிறுவன் இயல்பாக ஆடினான், சேர்த்துக்கொள்ளப்பட்டான்.

நாமும் பிறரை மேற்பார்வை செய்கிறோம். அப்போது நம் கண்ணில் படுவது அவர்களது திறமையா, அல்லது நம்மைக் கண்டு அவர்கள் கொள்ளும் அச்சமா? இதை ஆராயாமலேயே ‘இவருக்கு ஒன்றும் வராது’ என்று எத்தனை பேரைப் பற்றித் தீர்ப்பெழுதிவிடுகிறோம்!

அவரது ஒரு ரூபாய் நாணயத்தின் கதை பலருக்கும் தெரிந்ததே. நாளின் இறுதியில் சச்சின் களைத்திருக்கும் வேளையில் ஸ்டம்பின்மீது நாணயத்தை வைப்பார். ஆட்டமிழக்கச் செய்பவருக்கு அது சொந்தம், ஆட்டமிழக்காவிட்டால் சச்சினுக்கு. களைத்தபோது கவனம் சிதறக்கூடாது என்று அவர் சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் சிறுவன் தானே அதைக் கண்டுணரும் சூழலை அமைத்தார். அவ்வாறு பெற்ற 13 நாணயங்களை டெண்டுல்கர் பொக்கிஷமாகப் போற்றி வந்தார்.

இதனால் அச்ரேகர் மென்மையே உருவானவர் என்று எண்ணிவிட வேண்டாம். ஆட்டத்தைத் தவிர்த்துவிட்டு வேறோர் ஆட்டத்தை வேடிக்கை பார்க்கச் சென்றதற்காகச் சச்சினை அவர் அறைந்ததும் உண்டு. அந்த அறையை நாம் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. ‘நன்றாக ஆடினாய்’ என்று அவர் தம்மிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என 2013-இல் ஓய்வுபெறும்போது டெண்டுல்கர் குறிப்பிட்டார். எல்லோருக்கும் அந்த மௌனம் பொருந்துமா? பொருந்தாது என்றே தோன்றுகிறது. சிலர் ஒரு பாராட்டுச் சொல் கிடைக்காமலே வாடிப்போகின்றனர். யாருக்கு எது தேவை என்பதை அறியவும் செவிதான் வேண்டும்.

கீதையின் முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். அர்ஜுனன் தன் கலக்கத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கிறான். அங்கே கண்ணன் பேசுவது ஒரே ஒரு வாக்கியம். திரண்டு நிற்கும் கௌரவரைப் பார் என்பது மட்டுமே. உபதேசம் அதன் பிறகுதான்.

நமது அன்னதானக் கூடத்துக்கே வருவோம். பந்தி தாமதமாகிறது. ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று அதட்டினால் சாம்பார் இலைக்கு வெளியே சிந்தும். பரிமாறும் இளைஞரை அருகழைத்து, ‘எங்கே தடைப்படுகிறது?’ என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். வாளி கனமாக இருக்கிறது, பாதியளவு ஊற்றித் தந்தால் விரைந்து செல்லலாம் என்று அவர் கூறக்கூடும். வாளியைச் சுமப்பவருக்குத்தானே அதன் கனம் தெரியும்?