போர் தண்ணீரும் பழைய வீட்டுத் தரையும்

குளிர்நாடுகளில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள். கொரியாவில் அடுப்புப் புகையைத் தரைக்கடியில் செலுத்தும் ஓந்தோல் முறை அதற்கு மிக மூத்தது. ரோமாபுரிக் குளியல் கூடங்களும் இப்படித்தான் சூடேறின. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஆம்பூரில் இதையெல்லாம் படித்த ஒருவருக்கு, அதே குழாயில் குளிர்ந்த தண்ணீரை விட்டால் என்ன என்று தோன்றியது. தோல் ஆலையில் பாய்லரும் வேக்கம் டிரையரும் பார்த்துப் பழகியவர். வெந்நீர் ஓடும் எஃகுத் தகட்டின்மேல் ஈரத்தோலை விரித்துக் காயவைக்கும் அந்த இயந்திரம் அவர் கண்ணுக்கு ஒரு சூடான தரைதான். இதை எழுதுகிறவரும் அவரே. வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

கிறுக்குத்தனம் என்று சிரித்தவர்களுக்கு ஹைதராபாதில் பதில் இருக்கிறது. அங்கே இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011 வாக்கில் கட்டிய ஒரு கட்டடத்தின் ஒரு பாதிக்கு வழக்கமான ஏசி, மறு பாதிக்குக் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குளிர்நீர்க் குழாய். அளந்து பார்த்ததில் குழாய்ப் பாதிக்கு மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு.

இந்தச் செய்தியைக் கேட்ட மச்சான், நமக்கும் ஒரு சில்லர் வாங்கி 12 டிகிரித் தண்ணீர் விடலாம் என்று கிளம்பினார். ஹைதராபாதில் ஈரம் நீக்கிய காற்றைத் தனியாக உள்ளே அனுப்புகிறார்கள் என்பது அவர் காதில் ஏறவில்லை. ஜன்னல் திறந்து கிடக்கும் நம் வீட்டில், கோடைமழை பெய்த சாயங்காலம் அப்படிப்பட்ட தரை வியர்த்துக் கொட்டும். வயசானவர்கள் வழுக்கி விழுவார்கள். வீட்டுக்காரர் நினைத்ததோ, தண்ணீரைக் காற்றில் கொஞ்சம் ஆவியாகவிட்டுக் குளிர்விக்கும் கூலிங் டவர். அந்தத் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே அது போகாது. காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படிவதோ அதற்கும் கீழே. வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அந்த ஈரத்துணி அளவு சுமார் 25. ஆக, 26, 27 டிகிரியில் தண்ணீர் கிடைக்கும், அதுவும் ராத்திரியில் சுலபமாக. சில்லர் வாங்காததுபற்றி வீட்டுக்காரருக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

உங்கள் வீடும் மெட்ராஸ் டெரஸ்தானே? தேக்குக் கட்டைகள்மேல் செங்கல்லைக் குத்தி நிறுத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்ட தளம். அப்படியானால் முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளையடியுங்கள். வெயில் இறங்குவது மேலிருந்து. அதைத் தடுக்காமல் கீழே என்ன ஓடவிட்டாலும் வீண். கூரையில் குழாய் மாட்டியிருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்திருக்கும் என்பதும் உண்மை. குளிர்ந்த தரை ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 7 வாட் வெப்பம் இழுத்தால், குளிர்ந்த கூரை 11 வாட் இழுக்கும். ஆனால் பழைய தேக்கில் தண்ணீர்க் குழாயைத் தொங்கவிட வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. சரியான முடிவுதான்.

மற்ற வேலைகளில் பெரிய சூட்சுமம் இல்லை. கடப்பாக் கல்லைப் பெயர்த்து, 16 மில்லிமீட்டர் காம்போசிட் பைப்பை எட்டு அங்குல இடைவெளியில் வளைத்து, ஒரு சுற்று 80 மீட்டரைத் தாண்டாமல், தரைக்குள் ஓர் இணைப்புகூட இல்லாமல் போட வேண்டும். சிமென்ட் மூடுமுன் அழுத்தம் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுப் பார்க்க வேண்டும். தரை உயர்ந்தால் கதவு நிலையில் இடிக்கும், அதை முன்னாலேயே அளந்துகொள்ளுங்கள். குளிர்நாட்டுப் புத்தகங்கள் அடியில் தெர்மாகோல் போடச் சொல்லும்; அங்கே மண் குளிர்ச்சி, வெப்பம் கீழே ஓடிவிடும். நம் மண்ணுக்கு அது தண்டச் செலவு.

இப்போது தண்ணீர். வீட்டுக்காரர் போட்டது ஒரே சுற்று: டவர் தொட்டியிலிருந்து பம்பு, பம்பிலிருந்து தரை, தரையிலிருந்து மறுபடி டவர். தொட்டியில் குறைவதைப் போர் தண்ணீர் நிரப்பும். “போர் தண்ணிதானே அண்ணே வீடு பூரா ஓடுது, இதுக்கு மட்டும் என்ன ஆவப்போவுது?” என்றார் பிளம்பர். ஆலையில் பாய்லருக்கு சாஃப்ட்னர் இல்லாமல் ஒரு சொட்டு விடாத மனிதர், சொந்த வீட்டில் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டினார்.

எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை மறந்ததுதான் விஷயம். தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது, வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே இருக்கிறது. குடிநீரில் கரைந்த உப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 2,000. இந்தப் பக்கத்துப் போர்வெல்களில் 2,000-ஐப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 50 சதுர மீட்டர் தரை சதுர மீட்டருக்கு 20 வாட் வீதம் இழுத்தால் மொத்தம் ஒரு கிலோவாட். நாளுக்கு 24 யூனிட் வெப்பம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கொண்டுபோவது சுமார் 0.67 யூனிட். ஆக தினமும் 36 லிட்டர் ஆவியாக வேண்டும். தண்ணீர்தான் பறக்கும், உப்பு பறக்காது. 2,000 மில்லிகிராம் தண்ணீரில் அது நாளுக்கு 72 கிராம், மூன்று மாதக் கோடைக்கு ஆறு கிலோவுக்கு மேல். சாதா உப்பு கரைந்தே சுற்றும். சுண்ணாம்புச் சத்து அப்படியில்லை: டவரில் காற்றுப் பட்டுக் கரியமில வாயு வெளியேறியதும் அது பிரிந்து, இட்லிப் பானையின் அடியில் படிவதுபோல் குழாயின் உட்சுவரில் ஏறிவிடும். சுற்றுகள் பிரியும் மானிஃபோல்டைக் கழற்றினால் வெள்ளைப் பாறை. லேசான அமிலம் விட்டுச் சுற்றியதில் இரண்டு அறைகள் பிழைத்தன. தெற்கு அறைச் சுற்றில் தண்ணீரே நகரவில்லை.

இங்கே தோல் ஆலைக் கழிவுநீருக்கென உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில், ஆர்.ஓ.வுக்குப் பின் மிஞ்சுவதை ஆவியாக்கி உப்பாக ஒதுக்குகிறார்கள். அதே உப்பு வேலையை வீட்டுத் தரைக்குள் நடத்தியாயிற்று.

மாற்று வழி, டவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர். இரண்டு தண்ணீரும் கலக்காமல் தகடு வழியே வெப்பம் மட்டும் கைமாறும். தரைச் சுற்றில் ஒரே ஒரு முறை ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பி மூடிவிட வேண்டும். டவர் சுற்றில் போர் தண்ணீரே ஓடட்டும், ஆனால் தொட்டித் தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் வெளியேற்ற வேண்டும். அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். படிவு வந்தாலும் கழற்றித் தேய்க்க ஒரு தகடு கையில் இருக்கும். இதனால் தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகத்தான் தரைக்கு வரும். பரவாயில்லை. எந்த பிளம்பர் என்ன சொன்னாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து கிடைப்பது ஒன்றரை டன் ஏசி தரும் குளிர்ச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான். மதியம் வெறுங்காலுக்குத் தரை இதமாக இருக்கும், மின்விசிறி அனல் அடிக்காது. சுற்று பம்புக்கும் டவர் விசிறிக்கும் ஆகும் மின்சாரம் சொற்பம். தெற்கு அறையில் ஒன்றும் மாறவில்லை. கோடையில் மச்சான் வந்தால் பாய் போடுவது அங்கேதான்.