லூப் நகர்ந்தால் மட்டும் போதாது

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் காந்தப் பொருள்களில் ஆய்வு செய்பவர்கள் எக்ஸ்சேஞ்ச் பயாஸ் (ஃபீல்டில் குளிர்வித்த பொருளின் காந்தத் தயக்க லூப் ஒரு பக்கம் நகர்வது) அளக்கப் பெரும்பாலும் வெளியூர்தான் போக வேண்டும்: சென்னை ஐ.ஐ.டி. அல்லது கல்பாக்கத்தை ஒட்டிய கொக்கிலமேட்டில் இருக்கும் யுஜிசி-டிஏஇ மையம். கருவியில் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அளவீட்டு வரிசையை எழுதிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

இரும்பு புகுந்த நியோபியம் டைசல்ஃபைடு போன்ற படிகத்தைப் பிளாஸ்டிக் இடுக்கியால் மட்டும் தொடுங்கள். ஸ்டீல் இடுக்கி விட்டுப்போகும் இரும்புத் துகள் ஒன்றே பொய் லூப் காட்டும். அடுக்குப் படிகமாதலால் தகட்டின் தளத்திலும் அதற்குச் செங்குத்தாகவும் அளக்க வேண்டும்.

முதலில் 100 ஓர்ஸ்டெட்டில், ஃபீல்டு இல்லாமல் குளிர்வித்த (இசட்எஃப்சி), ஃபீல்டில் குளிர்வித்த (எஃப்சி) வெப்பநிலை வளைகோடுகள். அவை எங்கே பிரிகின்றன, எங்கே முறிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சறுக்குவது இதற்குப் பிறகுதான். 1956-இல் மைக்கிள்ஜானும் பீனும் இந்தப் பயாஸை முதலில் கண்டது, ஆக்சைடு போர்த்திய கோபால்ட் துகள்களில். அங்கே இரண்டு பொருள்கள், நடுவே ஓர் எல்லை. நியோபியம் டைசல்ஃபைடு அடுக்குகளுக்கு இடையே இரும்பு புகுந்த உலோகத்தில் அப்படி எல்லை கிடையாது. முக்கோண அமைப்பில் மூன்று ஸ்பின்களும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்க முடியாது; அதனால் சில ஒழுங்கின்றி உறையலாம். எதிர்ஃபெரோ ஒழுங்கும் அப்படி உறைந்த ஸ்பின் கிளாஸும் ஒரே படிகத்தில் சேர்ந்திருந்தே லூப்பை நகர்த்துவதாக 2021-இல் பெர்க்லி குழு காட்டியது. ஆனால் இத்தகைய பொருள் எளிதில் செறிவடையாது. லூப்பின் இரு கிளைகளும் சேராமலே ஃபீல்டைத் திருப்பினால் அரைகுறை லூப் நகர்ந்துதான் தெரியும். அதைப் பயாஸ் என்று எழுதி அனுப்பினால் நடுவர் சும்மா விடமாட்டார்.

ஆகவே ஒவ்வொரு லூப்புக்கும் முன்பு ஒழுங்கு வெப்பநிலைக்கு நன்றாக மேலே ஏறி, ஃபீல்டை ஆசிலேட் முறையில் பூஜ்யமாக்குங்கள். ஃபீல்டு இல்லாமல் குளிர்வித்த லூப் நடுவில் இருக்க வேண்டும். பிறகு +1 டெஸ்லாவில் குளிர்வித்து ஒன்று, −1 டெஸ்லாவில் ஒன்று. வழக்கமாகக் குளிர்வித்த ஃபீல்டுக்கு எதிர்ப்பக்கம் நகரும். குறி மாறியும் லூப் பக்கம் மாறவில்லை என்றால் அது கருவியின் வேலை. அதிகபட்ச ஃபீல்டை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். நகர்வு மறைந்தால் அது அரைகுறை லூப்தான். மீகடத்திக் காந்தத்தில் சில பத்து ஓர்ஸ்டெட் மிச்சம் தங்கும். சின்ன நகர்வை நம்பும் முன் தானாக நகர்வு காட்டாத பல்லேடியம் மாதிரியை அதே வரிசையில் ஓட்டிவிடுங்கள். இதற்கு நேரம் இல்லை என்பவர்கள் போகாமலே இருக்கலாம்.

கடைசியாக, சூடாக்காமல் தொடர்ந்து ஐந்தாறு லூப். நகர்வு படிப்படியாகக் குறையும், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே மிக அதிகமாக. கட்டுரையில் கூலிங் ஃபீல்டு, அதிகபட்ச ஃபீல்டு, எத்தனையாவது லூப் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.